புல்வெளியில் இறங்கும் ஸ்பிட்ஃபயர்

ஆங்கிலக் கால்வாய்க்கு மேலே சண்டை முடிந்து திரும்பும் வழியில், இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயரின் ரேடியேட்டரில் ஒரு குண்டு பட்டுவிடுகிறது. அதன் மெர்லின் எஞ்சின் திரவத்தால் குளிர்விக்கப்படுவது. திரவம் ஒழுகிவிட்டால் சில நிமிடங்களில் கொதித்து நின்றுவிடும். விமானத் தளம் எட்டாத தூரத்தில். கீழே பச்சைப் பசேலென்று ஒரு புல்வெளி. கணினியில் விமானம் ஓட்டும் விளையாட்டான போர் விமான சிமுலேட்டர் ஆடுபவர்களுக்கு இது பழகிய நிலைமைதான். ஆனால் அந்தப் புல்வெளி கணினிக்குள் என்னவாக இருக்கிறது என்று யோசித்தால் ஆச்சரியமாக இருக்கும்.

திரையில் தெரியும் புல் வெறும் படம். சக்கரம் உணரும் தரை வேறு. அது உயரப் புள்ளிகளை முக்கோணங்களாக இணைத்த வலை. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் ரேடார் மூலம் பூமியின் பெரும்பகுதியை அளந்தது. அந்தத் தரவில் புள்ளிக்குப் புள்ளி சுமார் 30 மீட்டர். இப்படிப்பட்ட வலையில், நடுவே ஓடும் அரை மீட்டர் வாய்க்கால் சிக்கவே சிக்காது. உழுத வயலும் வழவழப்பான முக்கோணமாகிவிடும். கரடுமுரடை உராய்வு எண்ணாகவும் (எடையில் எத்தனை பங்கு விசை பின்னோக்கி இழுக்கிறது என்பது) சின்னச் சின்ன அதிர்வாகவும் தனியே சேர்த்தால்தான் உண்டு.

சக்கரத்தின் காலை ஒரு சுருள்வில்லாகப் பாவித்து, அது தரைக்குள் எவ்வளவு அமுங்கியது, எந்த விசையில் திருப்பித் தள்ளும் என்று சிமுலேட்டர் திரும்பத் திரும்பக் கணக்கிடுகிறது. நொடிக்கு 100 முறை கணக்கிட்டாலும், மணிக்கு 100 கிலோமீட்டரில் ஓடும் சக்கரம் ஒரு கணக்குக்கும் அடுத்ததற்கும் இடையில் 28 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். குறுகலான பள்ளத்தைத் தாண்டிவிட அது போதும்.

சரி, எவ்வளவு தூரம் ஓடும்? கான்கிரீட்டில் உருளும் சக்கரத்துக்கு உராய்வு எண் சுமார் 0.02, புல்லில் 0.05, ஈர மண்ணில் 0.1-க்கும் மேலே. பிரேக்கையும் காற்றின் தடையையும் விட்டுவிட்டு, புல்லில் மணிக்கு 140 கிலோமீட்டரில் தரை தொட்டால் ஓட்டம் சுமார் 1,500 மீட்டர். 100 கிலோமீட்டரில் தொட்டால் 800 மீட்டருக்கும் குறைவு. தூரம் வேகத்தின் இருமடிக்கேற்பக் கூடுவதால் இவ்வளவு வித்தியாசம். எதிர்க்காற்று அருமருந்தாவதும் இதனால்தான். 140-இல் வரும்போது 20 கிலோமீட்டர் எதிர்க்காற்று இருந்தால் தரையைப் பொறுத்த வேகம் 120, ஓட்டத்தில் கால் பங்குக்கும் மேல் மிச்சம். 1940-இல் இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்டு போன்ற தளங்களில் ஸ்பிட்ஃபயர்கள் பரந்த புல்தரையில்தான் இறங்கின. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அதற்கு எதிராகவே இறங்கலாம். அகலமான புல்வெளிக்கு இருக்கும் இந்தச் சௌகரியம் ஒற்றை ஓடுபாதைக்குக் கிடையாது.

உண்மையான ஆபத்து நிற்கப் போகும்போதுதான் வருகிறது. ஸ்பிட்ஃபயரின் முன்சக்கரங்கள் அதன் எடை மையத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கின்றன. எடை மையம் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில், சக்கரத்துக்கு அரை மீட்டர் பின்னால் இருப்பதாகக் கொள்வோம். பின்னோக்கி இழுக்கும் விசை எடையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் வால் கிளம்பிவிடும். புல்லின் உராய்வு மட்டும் அவ்வளவு வராது. சேற்றில் புதைந்த சக்கரத்தோடு பிரேக்கும் சேர்ந்தால் வந்துவிடும். அப்புறம் நிலைமை இன்னும் மோசம்: வால் உயர உயர எடை மையம் முன்னால் நகர்கிறது, அந்த அரை மீட்டர் சுருங்குகிறது, கவிழ்க்கத் தேவையான விசையும் குறைந்துகொண்டே போகிறது. விமானி கையில் பிடிக்கும் கட்டுப்பாட்டு ஸ்டிக்கை முழுக்கப் பின்னால் இழுத்துப் பிடித்தால் வாலை அமுக்கலாம். ஆனால் அந்த அமுக்கம் காற்றிலிருந்து வருவது. வேகம் பாதியானால் அது கால் பங்காகிவிடும். கடைசி ஐம்பது மீட்டரில் அது கைகொடுக்காது. மெல்லப் போகிறோமே என்று பிரேக்கை அழுத்தும் அந்த நேரத்தில்தான் மூக்கு மண்ணில் குத்துகிறது.

அதனால் தரை இளகியதாகத் தெரிந்தால் சக்கரத்தை இறக்காமல் வயிற்றில் இறங்குவதே நல்லது. அப்போது எடை மையம் தரைக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. பின்னோக்கி இழுக்கும் விசை பல மடங்கானாலும் கவிழ்க்க அதற்கு நெம்புகோல் இல்லை. புரொப்பல்லர் இதழ்கள் வளைந்துபோகும், ரேடியேட்டர் நசுங்கும், விமானி கதவைத் திறந்து இறங்கி நடப்பார்.