சம்பளம் ஒரு பக்கம், பக்கக் கூலி ஒரு பக்கம்: அமெரிக்க ஃபெடரல் நீதிமன்றச் சுருக்கெழுத்தர் வேலை

அமெரிக்காவில் இருக்கும் நம் மக்களிடமிருந்து இந்த வேலையைப் பற்றி இரண்டு விதமான கேள்விகள் வருகின்றன. "பொண்ணு ஸ்டெனோ மெஷின் கத்துக்கிறேன்னு சொல்றா, ஃபெடரல் கோர்ட்டில் வேலை கிடைக்குமா?" என்பது ஒன்று. "வழக்கில் பேசியதை எழுத்தில் வாங்கப் பக்கத்துக்கு நாலு டாலருக்கு மேல் கேட்கிறார்கள், இது நியாயமா?" என்பது இன்னொன்று. இரண்டுக்கும் பதில் ஒரே சட்டப் பிரிவில் இருக்கிறது. அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 28-ஆம் தலைப்பில் 753-ஆம் பிரிவு.

இந்தப் பிரிவின் வேர் 1944-இல் வந்த சட்டம். அதற்கு முன் ஃபெடரல் நீதிமன்றங்களுக்கென்று சுருக்கெழுத்தர் கிடையாது. வழக்காடுபவர்களே ஆள் பிடித்து, கூலி கொடுத்து எழுதவைக்க வேண்டும். பணம் உள்ளவன் வழக்கில் சொல்லுக்குச் சொல் பதிவு இருக்கும், இல்லாதவன் வழக்கில் இருக்காது. 1944-க்குப் பிறகு நீதிமன்றமே ஆளை நியமித்துச் சம்பளம் கொடுக்கிறது. ஆனால் முழுச் செலவையும் அரசு ஏற்கவில்லை. மன்றத்தில் உட்கார்ந்து பதிவு செய்வதற்குச் சம்பளம். அந்தப் பதிவை யாராவது எழுத்துப் பிரதியாகக் கேட்டால், கேட்டவர் பக்கக் கணக்கில் சுருக்கெழுத்தருக்குத் தனியாகக் கட்டணம் தர வேண்டும். ஆக, இது அரசு வேலையும் சொந்தத் தொழிலும் சேர்ந்தது. சம்பளத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள்.

எதையெல்லாம் பதிவு செய்தாக வேண்டும்? குற்றவியல் வழக்கில் திறந்த மன்றத்தில் நடக்கும் எல்லாவற்றையும். அதில் விலக்கே இல்லை. மற்ற வழக்குகளிலும் அப்படித்தான், ஆனால் இரு தரப்பும் வேண்டாமென்று ஒத்துக்கொண்டு நீதிபதியும் சம்மதித்தால் விடலாம். நீதிபதி தன் அறையில் நடத்தும் பேச்சுகளை நீதிபதி சொன்னாலோ, ஒரு தரப்பு கேட்டாலோ பதிவு செய்ய வேண்டும். கேட்காமல் விட்டால் அங்கே பேசியதற்குச் சான்று இருக்காது. சுருக்கெழுத்துதான் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, ஒலிப்பதிவும் செல்லும். திவால் நீதிமன்றங்களிலும் மாஜிஸ்திரேட் நீதிபதிகளின் விசாரணைகளிலும் பெரும்பாலும் ஒலிப்பதிவுதான். சுருக்கெழுத்தரை டிஸ்ட்ரிக்ட் நீதிபதிகளின் மன்றங்களில்தான் அதிகம் பார்க்கலாம். வழக்கை முதலில் விசாரிக்கும் இந்த டிஸ்ட்ரிக்ட் நீதிமன்றங்கள் 94 இருக்கின்றன.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். குடிவரவு நீதிமன்றம் இந்த அமைப்பைச் சேர்ந்தது அல்ல. அது நீதித் துறை அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது, அங்கே ஒலிப்பதிவு மட்டுமே. தஞ்சம் கேட்டு வழக்கு நடத்தும் ஈழத்தமிழர்கள் இங்கே சொல்லும் கட்டணம், கெடு எதையும் அங்கே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

வேலை எப்படி இருக்கும்?

ஸ்டெனோ மெஷினில் இருபத்திரண்டு விசைகள்தான். எழுத்தெழுத்தாகத் தட்டுவதில்லை. இடது கை விரல்கள் சொல்லின் முதல் மெய்யொலிக்கு, கட்டைவிரல்கள் உயிரொலிக்கு, வலது கை கடைசி மெய்யொலிக்கு. மூன்றையும் ஒரே நேரத்தில் அமுக்கினால் ஓர் அசை விழுந்துவிடும். அடிக்கடி வரும் முழுத் தொடர்களுக்கே ஒரே தட்டு வைத்திருப்பார்கள். அந்தத் தட்டுகளை ஆங்கிலமாக மாற்றும் அகராதி அவரவர் கணினியில் அவரவர் வளர்த்தது. ஒருவருடைய அகராதி இன்னொருவருக்கு அப்படியே உதவாது.

எழுதுவது மட்டும் வேலை என்றால் எளிது. சாட்சி தலையை ஆட்டினால் அது பதிவில் வராது, ஆகவே வாயால் பதில் சொல்லச் சொல்ல வேண்டும். இரண்டு வக்கீல்கள் ஒரே நேரத்தில் பேசினால் நிறுத்தச் சொல்ல வேண்டும். நீதிபதி பேசிக்கொண்டிருந்தாலும் காதில் விழவில்லை என்றால் குறுக்கிட்டுக் கேட்க வேண்டும். அதற்குத் துணிவு வேண்டும், அதைப் பணிவாகச் செய்யவும் தெரிய வேண்டும். சாட்சியின் பெயர் திருஞானசம்பந்தமூர்த்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்திலேயே எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்வார்கள். ஊர்ப் பெயர், தெருப் பெயர் எல்லாவற்றையும் இடைவேளையில் வக்கீலிடம் வந்து சரிபார்ப்பார்கள். நம்மவர் வழக்கு என்றால், பெயர்ப் பட்டியல் ஒன்றை முன்கூட்டியே கொடுத்துவிடுவது நல்லது.

சாட்சி தமிழில் பேசினால்? மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொல்வதுதான் பதிவாகும். சாட்சி தமிழில் சொன்ன ஒரு சொல்கூட எழுத்துப் பிரதியில் இருக்காது. ஃபெடரல் மொழிபெயர்ப்பாளர் சான்றிதழ்த் தேர்வு இப்போது ஸ்பானிஷ் மொழிக்கு மட்டுமே நடக்கிறது. தமிழுக்கு வேறு வகையில் தகுதி பார்த்துத்தான் ஆளை அழைக்கிறார்கள். "அவன் என்கிட்ட கடன் பட்டிருந்தான்" என்பது "நான் அவனிடம் கடன் பட்டிருந்தேன்" என்று மாறிப் போனால், அந்த இடத்திலேயே வக்கீல் எழுந்து சொல்ல வேண்டும். மாதங்கள் கழித்து மேல்முறையீட்டில் போய், 'நான் தமிழில் அப்படிச் சொல்லவில்லை' என்றால் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. சுருக்கெழுத்தர் தன் வசதிக்காக ஒலிப்பதிவு வைத்திருக்கலாம், ஆனால் அது அவருடைய சொந்தப் பொருளாகவே கருதப்படும், பொது ஆவணம் அல்ல. அவர் சான்றளித்த பிரதி, தவறென்று யாராவது காட்டும்வரை, சரியானது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். தமிழ் தெரிந்த உறவினர் ஒருவர் பார்வையாளர் இருக்கையில் இருந்து, தவறு தெரிந்தால் உடனே வக்கீலுக்குச் சீட்டு எழுதி அனுப்புவது பெரிய உதவி.

தகுதி

முதலில் கதவைத் தாண்ட வேண்டும். அமெரிக்க நீதிமன்றத் துறையில் சம்பளம் வாங்க, பொதுவாகக் குடிமகனாக இருக்க வேண்டும், அல்லது குடியுரிமை பெறும் வழியில் இருக்கும் கிரீன் கார்டுக்காரராக இருக்க வேண்டும். எச்-1பி, எச்-4 வேலை அனுமதி வைத்திருப்பவர்களுக்கு இது இப்போதைக்கு இல்லை. அவர்கள் தனியார் நிறுவனங்கள் வழியே மன்ற விசாரணைக்கு முந்தைய வாக்குமூலங்களைப் பதிவு செய்யும் வேலையை, தங்கள் விசா அனுமதிக்கிறதா என்று பார்த்துவிட்டு யோசிக்கலாம்.

படிப்பு முடித்தவுடன் ஃபெடரல் வேலைக்குப் போக முடியாது. நான்கு ஆண்டு முழுமையான அனுபவம் வேண்டும். வேறு நீதிமன்றங்களிலோ, தனியார் வாக்குமூலப் பணியிலோ, இரண்டும் சேர்ந்தோ இருக்கலாம். கூடவே தேசிய நீதிமன்றச் சுருக்கெழுத்தர் சங்கத்தின் ஆர்.பி.ஆர். தேர்வு அல்லது அதற்கு இணையான தேர்வு. அதில் மூன்று வேகச் சோதனைகள் உண்டு: உரை நிமிடத்துக்கு 180 சொல், ஜூரிக்கு நீதிபதி சொல்லும் அறிவுரை 200, சாட்சி விசாரணையின் கேள்வி பதில் 225. ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம், 95 விழுக்காடு சரியாக இருக்க வேண்டும். நம் ஊர் சுருக்கெழுத்துத் தேர்வில் ஆங்கில சீனியர் கிரேடு 120 சொல் என்பதை நினைத்துப் பாருங்கள், 225 எவ்வளவு தூரம் என்று புரியும். கல்லூரியில் சேரும் பலர் கடைசிப் படிகளில் மாதக்கணக்கில் தேங்கி நிற்பது இந்த வேகத்தில்தான். இதைச் சொல்லாமல் "இரண்டு வருஷத்தில் வேலை" என்று விளம்பரம் செய்பவர்களை நம்ப வேண்டாம்.

அதற்கு மேலும் சான்றிதழ்கள் உண்டு. மெரிட் சான்றிதழுக்குக் கேள்வி பதில் வேகம் 260. ரியல்டைம் சான்றிதழ் என்பது, பேசும்போதே நீதிபதியின் திரையில் எழுத்து ஓடும் திறமைக்கு. இவை இருந்தால் சம்பளம் மேல்படிக்குப் போகும். சம்பள அளவை நீதித்துறையின் தலைமை அமைப்பான ஜுடிஷியல் கான்ஃபரன்ஸ் வைக்கிறது, ஊருக்கு ஏற்ப மாறும். ஃபெடரல் ஊழியருக்குரிய மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியமும் உண்டு. ஓய்வூதியக் கணக்கில் சம்பளம் மட்டுமே சேரும், பக்கக் கூலி சேராது.

பக்கக் கூலியின் கணக்கு

இதுதான் கவனமாகப் பார்க்க வேண்டிய இடம். ஒரு பக்கம் என்றால் 25 வரி. பிரதி எத்தனை நாளில் வேண்டும் என்பதைப் பொறுத்து விலை. 2024 அக்டோபர் 1 முதல் உச்சவரம்பு இப்படி: 30 நாளில் தந்தால் மூலப் பிரதிக்குப் பக்கம் 4.40 டாலர், 14 நாளில் 5.10, 7 நாளில் 5.85, 3 நாளில் 6.55, மறுநாளே என்றால் 7.30, இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் 8.70. ஏற்கெனவே ஒருவர் மூலப் பிரதிக்குப் பணம் கட்டியிருந்தால், அதே தரப்புக்கோ அடுத்தவருக்கோ போகும் முதல் நகலுக்கு 30 நாள் விலை பக்கம் 1.10 மட்டுமே.

ஒரு நாள் விசாரணை 200 பக்கம் வருகிறது என்று கொள்வோம். சாதாரண விலையில் 880 டாலர். மறுநாளே வேண்டும் என்று ஒரு தரப்பு கேட்டால் 1,460. எதிர்த்தரப்பும் அதே வேகத்தில் நகல் வாங்கினால் பக்கம் 1.45 வீதம் இன்னும் 290. பெரிய வழக்கு பல வாரம் ஓடினால் இது நல்ல வருமானம்தான். ஆனால் அதற்குள் இருக்கும் செலவைப் பாருங்கள். எல்லாப் பொருளும் சுருக்கெழுத்தரின் சொந்தச் செலவு என்று சட்டமே சொல்கிறது. மெஷின், மென்பொருள், அதன் ஆண்டுச் சந்தா, காகிதம், பிழை திருத்துபவரின் கூலி எல்லாம் அவர் பையிலிருந்து போகும். பகலில் மன்றம், இரவில் பிரதி. மறுநாள் பிரதி எடுத்துக்கொண்ட வாரத்தில் அந்தக் குடும்பம் அவரைப் பார்ப்பதே அரிது. இந்த உழைப்பைத் தெரிந்துகொண்டு பார்த்தால் 4.40 டாலரைக் கொள்ளை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

தாமதித்தால் வெட்டும் உண்டு. மேல்முறையீட்டுப் பிரதியை 30 நாளில் தராவிட்டால் கட்டணத்தில் 90 விழுக்காடுதான் வாங்கலாம். 60 நாள் தாண்டினால் 80. விரைவுப் பிரதி நேரத்துக்கு வராவிட்டால், எந்த நாளில் உண்மையில் வந்ததோ அந்த விலைதான். உங்களிடம் முழுத் தொகை கேட்டால், தேதியைக் காட்டிக் கேளுங்கள்.

பணம் கட்டாமல், குறைவாகக் கட்டி

பிரதி தயாரானதும் ஒரு நகலைச் சுருக்கெழுத்தர் இலவசமாக, நீதிமன்ற ஆவணங்களை வைத்திருக்கும் கிளார்க் அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும். அலுவலக நேரத்தில் யார் வேண்டுமானாலும் போய்க் காசில்லாமல் படிக்கலாம். வழக்கில் நீங்கள் ஒரு தரப்பாக இருக்கத் தேவையில்லை. முதல் 90 நாள் அங்கே படிக்கத்தான் முடியும், நகல் வேண்டுமென்றால் சுருக்கெழுத்தரிடம்தான் வாங்க வேண்டும். 90 நாள் கழிந்தால், தடை எதுவும் இல்லாத பிரதி, ஃபெடரல் நீதிமன்ற ஆவணங்களைத் தரும் பேஸர் (PACER) இணையதளத்தில் பக்கத்துக்கு 10 சென்டுக்குக் கிடைக்கும். மேலே சொன்ன அதே 200 பக்கம் 20 டாலர். மற்ற ஆவணங்களுக்கு பேஸரில் 3 டாலர் உச்சவரம்பு உண்டு, பிரதிகளுக்கு அது பொருந்தாது. ஆனால் மூன்று மாதத்தில் உங்கள் மொத்தப் பயன்பாடு 30 டாலரைத் தாண்டாவிட்டால் அதையும் கேட்க மாட்டார்கள். அவசரம் இல்லாதவர்கள் காத்திருக்கலாம். யாராவது ஏற்கெனவே பிரதி கேட்டிருக்கிறார்களா என்று கிளார்க் அலுவலகத்தில் முதலில் விசாரித்தால், மூல விலைக்குப் பதில் நகல் விலையோடு முடியலாம்.

அந்த 90 நாள் சும்மா வைத்தது அல்ல. சோஷியல் செக்யூரிட்டி எண், வங்கிக் கணக்கு எண், குழந்தையின் பெயர், பிறந்த தேதி, குற்றவியல் வழக்கில் வீட்டு முகவரி ஆகியவற்றை மறைக்கக் கேட்கும் காலம் அது. பிரதி தாக்கலான 7 நாளில் கேட்கப் போவதாக அறிவிப்பு, 21 நாளில் எந்தப் பக்கம், எந்த வரி என்ற விவரம். இந்தப் பொறுப்பு வக்கீலுடையது, வக்கீல் இல்லாதவர் என்றால் அவருடையதே. சுருக்கெழுத்தர் தானாக மறைக்க மாட்டார். கெடு போனால் உங்கள் மகளின் பெயர் இணையத்தில் இருக்கும்.

கட்ட வழியில்லாதவர்களுக்கும் ஏற்பாடு உண்டு. அரசு அமர்த்திய வக்கீலோடு குற்றவியல் வழக்கை எதிர்கொள்பவருக்குப் பிரதிக்கான செலவை அரசே கட்டும். வக்கீல் சி.ஜே.ஏ. 24 படிவம் கொடுத்து நீதிபதியின் அனுமதி வாங்க வேண்டும். உரிமையியல் வழக்கில் ஏழை என்ற சலுகை பெற்றவருக்கு இது தானாக வராது. மேல்முறையீடு அற்பமானது அல்ல, முக்கியமான கேள்வி ஒன்றை எழுப்புகிறது என்று நீதிபதி சான்று தந்தால்தான் அரசு கட்டும். அந்தச் சான்றைக் கேட்டு மனுப் போட வேண்டும், பலர் போடாமலே விட்டுவிடுகிறார்கள்.

சொந்தப் பணத்தில் மேல்முறையீடு செய்பவர்கள், அறிவிப்புத் தாக்கல் செய்த 14 நாளுக்குள் பிரதிக்கு ஆர்டர் கொடுத்தாக வேண்டும். அதற்கான ஏ.ஓ. 435 படிவம் நீதிமன்ற இணையதளத்திலேயே இருக்கும். முன்பணம் கேட்கச் சுருக்கெழுத்தருக்கு உரிமை உண்டு, பணம் கட்டும்வரை அவருடைய 30 நாள் தொடங்காது. படிவத்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் பிரதி வராது. மதிப்பீட்டுத் தொகையைக் கேட்டு வாங்கிக் கட்டிவிட்டு, கட்டிய தேதியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.