பிரிட்டனில் யன்னல் துடைக்கும் சுயதொழில்: பதிவு, வரி, அந்த ஜனவரிக் கடிதம்

"அண்ணை, ஆயிரத்து ஐந்நூற்று அறுபது எண்டுதானே கணக்குப் பார்த்தனாங்கள். இவங்கள் ரெண்டாயிரத்து முந்நூற்று நாற்பது கேக்கிறாங்கள்."

2026 ஜனவரி கடைசி வாரத்தில் ஒரு தம்பி தொலைபேசியில் சொன்னது இது. 2024 மே மாதம் சுப்பர்மார்க்கெட் வேலையை விட்டுவிட்டு ஒரு பழைய வானும் ஏணியும் வாங்கி யன்னல் துடைக்கத் தொடங்கியவர். வேலையில் குறையில்லை. நாங்கள் போட்ட கணக்கிலும் பிழையில்லை, வரித் திணைக்களமான எச்எம்ஆர்சியும் பிழை விடவில்லை. அப்போ அந்த 780 பவுண்ட் எங்கிருந்து வந்தது? அதற்கு வருகிறேன். முதலில் இந்தத் தொழிலுக்குள் யார் வரலாம், எப்படிப் பதிவது என்று பார்த்துவிடுவோம்.

விசாவில் தொடங்கவேண்டும். பிரிட்டிஷ் குடியுரிமை, நிரந்தர வதிவிட உரிமை, அகதி அந்தஸ்து, இவற்றில் ஒன்று கையில் இருந்தால் யோசிக்க ஒன்றுமில்லை. இங்கே பட்டப்படிப்பை முடித்தவர்களுக்கான கிராஜுவேட் விசாவில் இருப்பவரும் சுயதொழில் செய்யலாம். முதலாளி ஒருவரின் ஸ்பொன்சரில் கிடைக்கும் ஸ்கில்ட் வேர்க்கர் விசாவில் வந்தவரின் கணவனோ மனைவியோ செய்யலாம். அந்த விசாவுக்குரியவர் பக்கத்தொழிலாகக்கூட யன்னல் துடைக்க முடியாது. மாணவர்கள் சறுக்குவது "வாரம் 20 மணித்தியாலம்" என்ற விதியில். அந்த 20 மணித்தியாலம் முதலாளி ஒருவரிடம் சம்பளத்துக்குச் செய்யும் வேலைக்கு மட்டுந்தான். மாணவர் விசாவில் சுயதொழில் ஒரு மணித்தியாலம்கூடக் கூடாது. பக்கத்து வீட்டு யன்னலை இருபது பவுண்டுக்குத் துடைத்துக்கொடுப்பதும் அதற்குள் அடங்கும். புகலிடக் கோரிக்கைக்கு முடிவு வராமல் வேலை அனுமதி மட்டும் கிடைத்தவர்களுக்கும் சுயதொழில் இல்லை.

அடுத்தது எந்த ஊர் என்பது. இங்கிலாந்தில் இந்த வேலைக்கென்று தனி லைசென்ஸ் கிடையாது. ஸ்கொட்லாந்தில் 1982ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, யன்னல் துடைப்பவர்கள் லைசென்ஸ் எடுக்கவேண்டும் என்று விதிக்கும் அதிகாரத்தைக் கவுன்சில்களுக்குக் கொடுத்திருக்கிறது. கிளாஸ்கோ, எடின்பரோ போன்ற இடங்களில் லைசென்ஸ் இல்லாமல் துடைத்தால் அது குற்றம். விண்ணப்பத்தைக் கவுன்சில் பொலிசாருக்கும் அனுப்பிக் கருத்துக் கேட்கும். ஏணி வைத்து மாடி அறைக்குள் எட்டிப் பார்க்கக்கூடிய ஆள் யார் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள், நியாயந்தானே.

பதிவு

தனியாளாகத் தொழில் செய்பவர் கம்பனி தொடங்கத் தேவையில்லை. எச்எம்ஆர்சியிடம் செல்ஃப் அசெஸ்மென்ட்டுக்கு, அதாவது வருமானத்தை நாமே கணக்குக் காட்டி வரி கட்டும் முறைக்கு, பதிந்தால் போதும். ஒரு சதமும் செலவில்லை. கூகிளில் தேடும்போது முதலில் வந்து நின்று "நாங்கள் பதிந்து தருகிறோம்" என்று காசு கேட்கும் தளங்களை விட்டுவிட்டு நேரே அரசாங்கத் தளத்துக்குப் போங்கள். நாஷனல் இன்சூரன்ஸ் (ஓய்வூதியம் போன்றவற்றுக்காகக் கட்டும் அரச காப்புறுதி) நம்பர் வேண்டும். பதிந்த பிறகு யூடிஆர் என்ற பத்து இலக்க எண் தபாலில் வரும். அந்தக் கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். வாழ்நாள் முழுக்க அதே எண்தான்.

வரி ஆண்டு ஏப்ரல் 6இல் தொடங்கி அடுத்த ஏப்ரல் 5இல் முடியும். அந்த ஆண்டில் செலவு கழிக்காமல் கைக்கு வந்த மொத்தக் காசு 1,000 பவுண்டைத் தாண்டினால் பதியவேண்டும். கடைசித் தேதி, ஆண்டு முடிந்த பிறகு வரும் அக்டோபர் 5. இணையத்தில் கணக்குக் காட்டவும் வரி கட்டவும் அதற்கடுத்த ஜனவரி 31. இதைத்தான் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். 2025 மே மாதம் தொடங்கிய ஒருவருக்கு அந்த வரி ஆண்டு 2026 ஏப்ரல் 5இல் முடிகிறது, 2026 அக்டோபர் 5க்குள் பதியவேண்டும், 2027 ஜனவரி 31க்குள் கட்டவேண்டும். முதல் பக்கெட் தண்ணீருக்கும் முதல் வரிக்கும் இடையில் இருபது மாதம்! அந்த இருபது மாதத்தில் காசு செலவாகிவிடும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் பாதிப் பிரச்சினை.

ஜனவரி 31 ஒரு நாள் தவறினாலும் 100 பவுண்ட் அபராதம், கட்டவேண்டிய வரி பூச்சியமாக இருந்தாலும். மூன்று மாதம் தாண்டினால் நாளுக்கு 10 பவுண்ட் வீதம் 900 வரை ஏறும்.

கணக்குக் கொப்பி

அந்தத் தம்பியின் வானில் ஒரு பள்ளிக்கூடக் கொப்பி கிடக்கும். "செவ்வாய், ஹரோ, 7 வீடு, 24 மைல், பார்க்கிங் 3.20" என்று ஒரு வரி. இவ்வளவுதான் தேவை. 24 மைலை 45 பென்ஸால் பெருக்கினால் 10 பவுண்ட் 80 பென்ஸ். அது அன்றைய செலவுக் கணக்கு. சொந்த வாகனத்துக்கு ஆண்டில் முதல் 10,000 மைலுக்கு மைலுக்கு 45 பென்ஸும், அதன் பிறகு 25 பென்ஸும் கழிக்கலாம். அப்படிக் கழித்தால் அதே வாகனத்துக்குப் பெட்ரோல், திருத்த வேலை, காப்புறுதிச் செலவைத் தனியாகக் கழிக்க முடியாது. ஒரு வாகனத்துக்கு இந்த முறையைத் தொடங்கினால், தொழிலில் அந்த வாகனம் இருக்கும்வரை இதே முறைதான்.

ஸ்குவீஜி (தண்ணீர் வழிக்கும் ரப்பர் கம்பு), துணி, ஏணி, சவர்க்காரம், தண்ணீர் வடிகட்டி, விளம்பரத் துண்டு, காப்புறுதி எல்லாம் செலவில் சேரும். தொழில் தொடங்கும் முன்பே வாங்கிய ஏணியும் சேரும், ஆகவே அந்தப் பற்றுச்சீட்டை எறியவேண்டாம். தொழில் பெயர் பொறித்த ரீ-சேர்ட் சரி. வேலைக்குப் போடும் சாதாரண ஜீன்ஸ் சரிவராது. பார்க்கிங் கட்டணம் சரி. பார்க்கிங் அபராதம் சரிவராது. மத்தியானம் வாங்கும் கொத்துரொட்டியும் சரிவராது, கேட்டுப் பார்த்தாயிற்று.

முழு ஆண்டுக்கும் செலவே 1,000 பவுண்டுக்குக் குறைவென்றால், செலவை விட்டுவிட்டு டிரேடிங் அலவன்ஸ் என்று ஒரேயடியாக 1,000 பவுண்ட் கழிக்கலாம். இரண்டையும் சேர்த்துக் கழிக்க முடியாது. வருமானம், காசு கைக்கு வந்த நாளில்தான் கணக்கில் ஏறும். மார்ச் மாதம் துடைத்ததற்கு வாடிக்கையாளர் மே மாதம் தந்தால் அது அடுத்த ஆண்டு வருமானம். கதவடியில் கையில் தரும் பத்துப் பவுண்டும் வருமானந்தான். "காஷ்தானே" என்று விடுபவர்கள் பின்னால் வீட்டுக் கடனுக்குப் போய், காட்டுவதற்கு வருமானம் இல்லாமல் நிற்பதைக் கண்டிருக்கிறேன்.

கணக்குகளை, அந்த ஆண்டுக்குரிய ஜனவரி 31இலிருந்து ஐந்து வருடம் வைத்திருக்கவேண்டும்.

சரி, அந்த 780 பவுண்ட்

தம்பியின் 2024-25 ஆண்டு லாபம், எல்லாச் செலவும் கழித்து, 18,570 பவுண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் 12,570க்கு வரி இல்லை. மிச்சம் 6,000. அதில் 20 வீதம் வருமான வரி 1,200. அதே 6,000க்கு 6 வீதம், சுயதொழில் லாபத்துக்குக் கட்டும் கிளாஸ் 4 நாஷனல் இன்சூரன்ஸ் 360. மொத்தம் 1,560. இதுவரை எங்கள் கணக்குச் சரி. (ஸ்கொட்லாந்தில் வரி வீதங்கள் கொஞ்சம் வேறு.)

இப்படிக் கட்டவேண்டிய வரி 1,000 பவுண்டைத் தாண்டி, ஆண்டின் மொத்த வரியில் 80 வீதத்துக்கு மேல் சம்பளத்திலேயே பிடிக்கப்படாமலும் இருந்தால், எச்எம்ஆர்சி அடுத்த ஆண்டுக்கும் முற்பணம் கேட்கும். "போன வருடம் 1,560 வந்தது, இந்த வருடமும் அவ்வளவு வரும்" என்று எடுத்துக்கொண்டு அதில் பாதியை இந்த ஜனவரியிலும் மறுபாதியை ஜூலை 31இலும் கேட்கும். ஆகவே முதல் ஜனவரியில் 1,560உடன் 780 சேர்ந்து 2,340. ஜூலையில் இன்னொரு 780. பேமென்ட் ஒன் அக்கவுன்ட் என்பது இதுதான். தண்டமில்லை, கூடுதல் வரியுமில்லை. அடுத்த ஜனவரியில் கழித்துத்தான் கணக்குப் பார்ப்பார்கள். ஆனாலும் முதல் முறை வயிற்றில் புளி கரைக்கும்.

அடுத்த ஆண்டு வருமானம் குறையும் என்று உண்மையாகவே தெரிந்தால் முற்பணத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். தெரியாமல் குறைத்தால் பின்னால் வட்டி வரும். கட்டமுடியாதவர், கணக்கை நேரத்துக்குக் காட்டியிருந்தால், 30,000 பவுண்டுக்கு உட்பட்ட கடனைத் தவணையில் கட்ட இணையத்திலேயே ஒழுங்கு செய்யலாம். தம்பி அப்படித்தான் செய்தார். இப்போது ஒவ்வொரு வெள்ளியும் வாரச் சம்பாத்தியத்தில் ஐந்தில் ஒன்றை வேறொரு வங்கிக் கணக்குக்கு மாற்றிவிடுகிறார். அவருடைய வருமானத்துக்கு அது தாராளம். அந்தக் கணக்கின் வங்கி அட்டையை மனைவியிடம் கொடுத்துவிட்டார்.

பகலில் சம்பள வேலை, சனி ஞாயிறு யன்னல் என்றால் கணக்கு வேறு. வரியில்லாத 12,570 சம்பளத்திலேயே முடிந்துவிட்டிருந்தால் யன்னல் லாபத்தின் முதல் பவுண்டிலிருந்தே வரி. 4,000 லாபத்துக்கு 800. ஆனால் கிளாஸ் 4க்கு யன்னல் லாபத்தைத் தனியாகப் பார்ப்பதால் அங்கே ஒன்றும் இல்லை. 800, ஆயிரத்துக்குள் இருப்பதால் முற்பணமும் இல்லை. டிசம்பர் 30க்குள் இணையத்தில் கணக்குக் காட்டிவிட்டால், 3,000க்குக் குறைந்த வரியைச் சம்பளத்தில் சிறிது சிறிதாகப் பிடிக்கும்படியும் கேட்கலாம்.

இன்னொரு மாற்றமும் வருகிறது. தொழிலிலும் வீட்டு வாடகையிலும் செலவு கழிக்கும் முன் 50,000 பவுண்டுக்கு மேல் வரவுள்ளவர்கள் 2026 ஏப்ரலிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை மென்பொருள் வழியாகக் கணக்கு அனுப்பவேண்டும். 2027 ஏப்ரலில் எல்லை 30,000 ஆகிறது, 2028 ஏப்ரலில் 20,000. முழுநேரமாக யன்னல் துடைப்பவர் பெரும்பாலும் அந்த மூன்றாவது அலையில் மாட்டுவார். கொப்பிக்காரர்கள் இப்போதே ஒரு செயலிக்குப் பழகிக்கொள்வது நல்லது.

லாபம் குறைந்தவர்கள் கவனிக்கவேண்டியது

அரச ஓய்வூதியம் முழுமையாகக் கிடைக்கப் பொதுவாக 35 வருடம் நாஷனல் இன்சூரன்ஸ் பதிவு வேண்டும். பத்து வருடமாவது இல்லாவிட்டால் ஒன்றும் கிடையாது. 2025-26இல் லாபம் 6,845 பவுண்ட் அல்லது அதற்கு மேல் இருந்தால், அதற்கென்று தனியாக ஒன்றும் கட்டாமலே அந்த வருடம் பதிவாகிவிடும். குறைந்தால் பதிவாகாது. அப்போது கிளாஸ் 2 என்று வாரம் 3 பவுண்ட் 50 பென்ஸ், வருடத்துக்கு 182 பவுண்ட், விரும்பினால் கட்டலாம். சுயதொழில் இல்லாதவர் அதே ஒரு வருடத்தை வாங்க கிளாஸ் 3இல் வாரம் 17 பவுண்ட் 75 பென்ஸ் கொடுக்கவேண்டும். பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு வாரத்தில் ஓரிரு நாள் மட்டும் வேலை செய்யும் அக்காமார் பலருக்கு இது தெரியாது. கணக்குக் காட்டும் படிவத்திலேயே ஒரு கேள்வியாக வரும், "ஆம்" போட்டால் சரி.

குறைந்த வருமானக்காரருக்கான அரச உதவிப் பணமான யூனிவர்சல் கிரெடிட் எடுப்பவர் தொழில் தொடங்கிய உடனே அங்கேயும் சொல்லவேண்டும். நேர்முகத்தில் இதுதான் உங்கள் முக்கிய தொழில் என்று ஏற்றுக்கொண்டால் பன்னிரண்டு மாதம் தொடக்க காலம் தருவார்கள். அந்தக் காலத்தில் உழைத்ததை மட்டும் பார்ப்பார்கள். அது முடிந்ததும் ஒரு குறைந்தபட்ச வருமானத்தை நீங்கள் உழைப்பதாகவே எடுத்துக்கொள்வார்கள். வாரம் 35 மணித்தியாலம் எதிர்பார்க்கப்படும் ஒருவருக்கு, 2025-26 குறைந்தபட்ச சம்பளத்தின்படி அது மாதம் ஏறத்தாழ 1,850 பவுண்ட், அதிலிருந்து ஒரு வரித் தொகை கழித்து. மழைக்கால மாதத்தில் 900தான் வந்தது என்றாலும் கணக்கு அந்தத் தொகைக்குத்தான். சிறு பிள்ளைகள் உள்ளவர்களுக்கு மணித்தியாலம் குறையும். வேலையை விட்டு இதில் இறங்க நினைப்பவர் பதின்மூன்றாம் மாதத்தை மனதில் வைத்துக் கணக்குப் போடவேண்டும்.

ஏணி, தண்ணீர், காப்புறுதி

உயரத்தில் வேலை செய்வதற்கான 2005ஆம் ஆண்டு விதிகள் தனியாளுக்கும் பொருந்தும். ஏணிக்குத் தடையில்லை. ஆனால் தரையில் நின்றே செய்யமுடியுமென்றால் தரையில் நின்றுதான் செய்யவேண்டும். ஏணி வைப்பதென்றால் நான்கு அடி உயரத்துக்கு ஏணியின் கால் சுவரிலிருந்து ஓர் அடி வெளியே, ஒரே இடத்தில் அரை மணித்தியாலத்துக்குள். இதனால்தான் பலர் தண்ணீர் ஓடும் நீளக் கம்புக்கு மாறிவிட்டார்கள். லண்டன் குழாய்த் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர். அப்படியே அடித்தால் காய்ந்ததும் கண்ணாடி முழுக்க வெள்ளைப் புள்ளி. வடிகட்டியில் விட்டு, கரைந்திருக்கும் உப்பை அளக்கும் கருவியில் பூச்சியம் காட்டும்வரை சுத்தமாக்கினால் துடைக்கவே தேவையில்லை, தானாகக் காயும். தண்ணீர்க் குழாயை நடைபாதைக்குக் குறுக்கே இழுப்பதானால் எச்சரிக்கைப் பலகை ஒன்று வையுங்கள்.

யாராவது அந்தக் குழாயில் தடுக்கி விழுந்தால் கைகொடுப்பது பப்ளிக் லயபிலிட்டி காப்புறுதி. தனியாளுக்குச் சட்டத்தில் கட்டாயமில்லை, ஆனால் கடைகளும் அலுவலகங்களும் அது இல்லாமல் வேலை தராது. வானின் காப்புறுதியையும் எடுத்துப் பாருங்கள். சொந்தப் பாவனைக்கும் வேலைத்தலத்துக்குப் போய் வருவதற்கும் மட்டும் எடுத்த காப்புறுதி, ஏணியோடு வீடு வீடாகப் போவதற்குச் செல்லாது.

அப்புறம், வேலை கூடிவிட்டது என்று மச்சானை உதவிக்குச் சம்பளத்துக்கு வைத்தால் கதை வேறு. பெரும்பாலும் எச்எம்ஆர்சியில் முதலாளியாகப் பதியவேண்டிவரும், மச்சானுக்கு வேலை செய்யும் உரிமை இருக்கிறதா என்று முறைப்படி சரிபார்க்கவேண்டும், குறைந்தது 50 லட்சம் பவுண்டுக்கு எம்ப்ளோயர்ஸ் லயபிலிட்டி (வேலையாளுக்குக் காயம் பட்டால் ஈடுகொடுக்கும்) காப்புறுதி எடுக்கவேண்டும். இது சட்டத்தில் கட்டாயம். மச்சான் ஏணியில் கால் வைக்கும் முதல் நாளே கையில் இருக்கவேண்டும்.