பெரிய பிரேக் கிட் வாங்கும் முன் சூட்டையும் பிஸ்டன் அளவையும் கணக்குப் பாருங்கள்

டொயோட்டா 86 காருக்குப் பெரிய பிரேக் கிட் (பெரிய டிஸ்க்கும், பேடைப் பிஸ்டனால் டிஸ்க் மேல் அழுத்தும் காலிப்பரும் அடங்கிய தொகுப்பு) கேட்டு வருகிறவர்களில் பலர் எதிர்பார்ப்பது, கார் இன்னும் குறைந்த தூரத்தில் நிற்க வேண்டும் என்பதைத்தான். கிட் அதைத் தராது. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் பெடலை முழு பலத்தோடு மிதித்தால் கம்பெனி பிரேக்கே ஏபிஎஸ்ஸை (சக்கரம் பூட்டாமல் தடுக்கும் அமைப்பை) தூண்டிவிடும். ஏபிஎஸ் துடிக்கிறது என்றால் டயரின் பிடி அத்தோடு தீர்ந்துவிட்டது. அதற்கு மேல் ஆறு பிஸ்டன் காலிப்பர் இருந்தும் பயன் இல்லை. நிற்கும் தூரம்தான் கவலை என்றால் அந்தக் காசை நல்ல டயரில் போடுங்கள்.

பெரிய டிஸ்க் தருவது சூட்டைத் தாங்கும் சக்தி. மலேசியாவின் செப்பாங் பந்தய ஓடுதளத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு சுற்று 5.543 கி.மீ. பின் நேர்ச்சாலை முடிவில் 15ஆம் வளைவு, அடுத்து பிரதான நேர்ச்சாலை, அது முடிந்ததும் 1ஆம் வளைவு. இரண்டிலும் கடுமையாக மிதிக்க வேண்டும். நடுவில் பிரேக் ஆற ஒரே ஒரு நேர்ச்சாலைதான். ஓட்டுநரோடு 1,350 கிலோ எடையுள்ள கார் 180 கி.மீ. வேகத்திலிருந்து 80க்கு இறங்கினால் சுமார் 13.5 லட்சம் ஜூல் ஆற்றல் சூடாக மாறும். அதில் எழுபது சதவீதம் முன் பிரேக்கில் இறங்குகிறது என்று வைத்தால், 7 கிலோ எடையுள்ள முன் டிஸ்க்கின் சூடு அந்த ஒரு மிதியிலேயே ஏறக்குறைய 140 டிகிரி கூடும். டிஸ்க் 10 கிலோ என்றால் 100 டிகிரிதான் கூடும். கிட்டின் முதல் நன்மை இந்த வித்தியாசம்தான். காற்றோடும் பாதை அகலமாக இருந்தால் சீக்கிரம் ஆறும் என்பது அடுத்தது.

ஆகவே உங்கள் பிரேக்குக்கு உண்மையில் சூட்டுப் பிரச்சினை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அறிகுறி இரண்டு வகை, குழப்பிக்கொள்ளக் கூடாது. பெடல் பஞ்சு போல அமுங்கிக் கீழே போனால் பிரேக் ஆயில் கொதித்து ஆவிக் குமிழி உண்டாகிவிட்டது. பெடல் கல்லாக இருந்தும் கார் நிற்கவில்லை என்றால் பேடு தன் வெப்ப எல்லையைத் தாண்டிவிட்டது. முதலாவதுக்கு மருந்து ஆயில். டாட் 4 தரப் பிரேக் ஆயிலின் கொதிநிலைக்கு விதித்த குறைந்தபட்ச அளவு புதிதில் 230 டிகிரி. ஈரம் ஏறிய பிறகு 155. நம்முடைய ஈரக்காற்றில் அது வேகமாக இறங்கும். பந்தய ஆயில்கள் புதிதில் 300 டிகிரியைத் தாண்டும், ஆனால் அடிக்கடி மாற்ற வேண்டும். இரண்டாவதுக்கு மருந்து டிராக் பேடு. இந்த இரண்டோடு எஃகு வலை போர்த்திய ஹோஸையும் மாற்றினால், வார இறுதியில் மட்டும் ஓடுதளம் போகிற பலருக்கு அதுவே போதும், கிட் தேவைப்படாது. சந்தேகம் இருந்தால் டிஸ்க்கின் ஓரத்தில் வெப்பப் பெயிண்ட் பூசி ஓட்டுங்கள். பச்சை 430 டிகிரியிலும், ஆரஞ்சு 560இலும், சிவப்பு 610இலும் நிறம் மாறும். ஆரஞ்சு ஒவ்வொரு முறையும் மாறுகிறது என்றால் பெரிய டிஸ்க் வாங்கக் காரணம் இருக்கிறது.

கிட் தேர்வில் நடக்கும் பெரிய தவறு முன்-பின் சமநிலை. 57 மி.மீ. ஒற்றைப் பிஸ்டன் மிதவைக் காலிப்பரை (ஒரு பக்கம் மட்டும் பிஸ்டன் இருந்து, பக்கவாட்டில் நகரும் வகை) உதாரணமாக வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் பரப்பு 2,550 சதுர மி.மீ. அதை எடுத்துவிட்டு, ஒரு பக்கத்தில் 40, 44 மி.மீ. பிஸ்டன்கள் உள்ள நிலைக் காலிப்பரைப் போட்டால் பரப்பு 2,780 ஆகிறது. (நிலைக் காலிப்பர் நகராது, இரு பக்கமும் பிஸ்டன் இருக்கும்; கணக்குக்கு ஒரு பக்கத்தை மட்டும் எண்ண வேண்டும்.) டிஸ்க்கும் பெரிதாகி அதன் பயனுறு ஆரம் (மையத்திலிருந்து பேடு அழுத்தும் இடம் வரை உள்ள தூரம்) 15 சதவீதம் கூடினால், முன் பிரேக்கின் விசை மொத்தத்தில் 25 சதவீதம் ஏறிவிடும். முன் சக்கரம் முந்திப் பூட்டும், ஏபிஎஸ் சீக்கிரம் விழிக்கும், பின் பிரேக் சும்மா கிடக்கும். விலை உயர்ந்த கிட் போட்ட பிறகு நிற்கும் தூரம் கூடிப்போவது இப்படித்தான். சரியாக வடிவமைத்த கிட்டில் டிஸ்க் வளரும்போது பிஸ்டன் சுருங்கும்: அதே காருக்கு 36, 40 மி.மீ. போதும். விற்பவரிடம் பிஸ்டன் விட்டம் கேளுங்கள். அதைச் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

இதே காரின் இரட்டைப் பிறவியான சுபாரு பிஆர்ஸட்டுக்குக் கம்பெனியே 2017 மாடலில் பிரேக் தயாரிப்பாளரான பிரெம்போவின் தொகுப்பு ஒன்றைத் தந்தது. முன் டிஸ்க் 294 மி.மீட்டரிலிருந்து 326க்குப் போனது. பின் டிஸ்க்கும் கூடவே 290இலிருந்து 316 ஆனது. முன்னும் பின்னும் சேர்த்தே மாற்றினார்கள். கண்ணைப் பறிக்கும் வெளி நிறுவனக் கிட்டை விட இந்தப் பாகங்களை நாங்கள் அதிகம் நம்புகிறோம்.

பந்தயக் காலிப்பர்கள் சிலவற்றில் பிஸ்டனுக்குத் தூசி உறை கிடையாது. தினமும் மழையிலும் புழுதியிலும் ஓடும் காருக்கு அது ஆகாது, பிஸ்டன் இறுகிவிடும். பிரபல பெயர் பொறித்த போலிக் காலிப்பர்களும் சந்தையில் உண்டு. நம்ப முடியாத விலையில் கிடைத்தால் விட்டுவிடுங்கள்.

பணம் கட்டும் முன் ரிம்மை அளந்து பாருங்கள். தயாரிப்பாளர் தரும் தாள் அச்சை அட்டையில் ஒட்டி வெட்டி, ரிம்முக்குள் வைத்துச் சுற்றுங்கள். ஆரக்காலுக்கும் காலிப்பருக்கும் நடுவே குறைந்தது 3 மி.மீ. இடைவெளி வேண்டும். ரிம்மின் உள்பக்கம் ஒட்டிய எடைத் துண்டுகளையும் கணக்கில் எடுங்கள். இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: டிக்கியில் இருக்கும் மாற்றுச் சக்கரம் புதிய காலிப்பர் மேல் ஏறுமா? ஏறாவிட்டால் இரவில் நெடுஞ்சாலையில் பஞ்சரானால் மாட்டிக்கொள்வீர்கள்.

மாட்டும்போது, டிஸ்க்கும் சக்கரமும் பொருந்தும் ஹப்பின் முகத்துத் துருவைக் கம்பித் தூரிகையால் முழுக்க எடுங்கள். டிஸ்க்கை நட் போட்டு இறுக்கி, டயல் கேஜ் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) வைத்துச் சுழற்றினால் பக்கவாட்டு ஆட்டம் 0.05 மி.மீட்டருக்குள் இருக்க வேண்டும். சில ஆயிரம் கி.மீ. கழித்து ஸ்டியரிங் நடுங்கும்போது 'டிஸ்க் வளைந்துவிட்டது' என்கிறார்கள். பெரும்பாலும் அது முதல் நாள் விட்ட துருவின் வேலை. ஆட்டத்தால் டிஸ்க்கின் தடிமன் இடத்துக்கிடம் மாறியிருக்கும்.

வளைந்த காற்றுப்பாதை உள்ள டிஸ்க்குக்கு இடம், வலம் உண்டு. டிஸ்க்கின் முகத்தில் உள்ள கீறலை வைத்து முடிவு செய்யாதீர்கள். உள்ளிருக்கும் இறகு, மையத்திலிருந்து வெளியே போகப்போகச் சுழற்சிக்குப் பின்னால் சாய வேண்டும். காலிப்பரில் சிறிய பிஸ்டன் டிஸ்க் நுழையும் பக்கம் வரும். காற்று எடுக்கும் நிப்பிள் மேலே இருக்கும். நிப்பிள் கீழே தெரிந்தால் இரண்டு காலிப்பரையும் இடம் மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். எத்தனை முறை பிளீடிங் (ஆயிலிலிருந்து காற்று எடுக்கும் வேலை) செய்தாலும் காற்று வெளியேறாது.

ஹோஸைக் காலிப்பரோடு இணைக்கும் பேன்ஜோ போல்ட்டில் ஹோஸ் முனையின் இரு பக்கமும் புது செப்பு வாஷர். பிராக்கெட் போல்ட்டை டார்க் ரெஞ்ச் கொண்டு கிட் தாளில் உள்ள அளவுக்கே இறுக்க வேண்டும். கை அனுமானம் கூடாது. சக்கர நட்டுக்கு இந்தக் காரில் 120 நியூட்டன் மீட்டர். ஹோஸைப் பொருத்தியதும் ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பி, சக்கரம் தொங்கும் நிலையிலும் எங்கும் இழுபடவில்லை, உரசவில்லை என்று பாருங்கள். ஆயில் ஒரு லிட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நிலைக் காலிப்பரில் நிப்பிள் இரண்டு இருந்தால் இரண்டிலும் காற்று எடுக்க வேண்டும். வேலையின்போது ஆயில் டப்பா வற்றி ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று போய்விட்டால், ஸ்கேன் கருவியால் பம்பை இயக்கித்தான் எடுக்க முடியும்.

பேடையும் டிஸ்க்கையும் பழக்கும் வேலையை ஆளில்லாத, அனுமதிக்கப்பட்ட இடத்தில் செய்யுங்கள். 100 கி.மீ. வேகத்திலிருந்து 15 வரை எட்டு முதல் பத்து முறை உறுதியாக மிதித்து வேகத்தைக் குறைக்கவும். ஒருமுறைகூட முழுதாக நிறுத்த வேண்டாம். சூடான பேடு டிஸ்க்கில் ஓரிடத்தில் அழுந்தி நின்றால் அங்கே படலம் ஒட்டிக்கொள்ளும். லேசான புகையும் நாற்றமும் வரும், பயப்பட வேண்டாம். பிறகு பிரேக்கை அதிகம் தொடாமல் கால் மணி நேரம் ஓட்டி ஆறவிடுங்கள். வண்டியை நிறுத்தியதும் கை பிரேக்கை இழுக்காதீர்கள்.

முதல் 100 கி.மீ. கழித்துச் சக்கர நட்டை மறுபடி டார்க் பாருங்கள், ஹோஸ் இணைப்புகளில் ஈரம் தெரிகிறதா என்று துணியால் துடைத்துப் பாருங்கள். ஓடுதளத்திலிருந்து திரும்பும் ஒவ்வொரு முறையும் பேடின் தடிமனை உள், வெளி இரண்டு பக்கமும் அளந்து எழுதி வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் வேகமாகத் தேய்ந்தால் டிஸ்க் காலிப்பரின் நடுவில் உட்காரவில்லை, அல்லது ஒரு பிஸ்டன் இறுகத் தொடங்கிவிட்டது.