நரம்புக் கட்டி என்று எழுதாதீர்கள்

அத்தைக்குச் சிறுகுடலில் நியூரோஎண்டோகிரைன் கட்டி. மருத்துவமனையில் கொடுத்த தமிழ்த் தாளில் 'வயிற்று நரம்புக் கட்டி' என்று அச்சிட்டிருந்தது. அதைப் படித்ததும் அவர் கேட்டது: "அப்போ நரம்பு டாக்டர்கிட்டயா போகணும்?" இந்தக் கட்டியை இப்படி எழுதிப் பலமுறை பார்த்துவிட்டேன். 2018-இல் நடிகர் இர்ஃபான் கான் தனக்கு இந்த நோய் இருப்பதாக அறிவித்தபோது, நியூரோ என்றாலே மூளை ஆகிவிடாது என்று அவரே விளக்க வேண்டியிருந்தது.

ஆங்கிலப் பெயரின் வேர் கிரேக்கம்: நியூரான் நரம்பு, எண்டான் உள்ளே, கிரினைன் பிரித்தல்.

குடல் சுவரில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும் சில செல்கள் ஹார்மோனைச் சுரந்து ரத்தத்தில் விடுகின்றன; அத்தையின் கட்டி இவற்றிலிருந்து வந்தது. நரம்பு செல்லில் இருக்கும் சினாப்டோஃபைசின் என்ற புரதம் இவற்றிலும் உண்டு. பயாப்சியில் அதையும் குரோமோகிரானின் என்ற இன்னொரு புரதத்தையும் சாயமேற்றிப் பார்த்துத்தான் இந்தக் கட்டியை உறுதி செய்கிறார்கள். பெயரில் உள்ள 'நரம்பு' இந்த ஒப்புமையைச் சொல்கிறது. தமிழில் நரம்புக் கட்டி என்றால் நரம்பில் வந்த கட்டி. அப்படிப்பட்ட கட்டிகள் தனியே இருக்கின்றன. இந்தப் பெயரை இதற்குக் கொடுத்துவிட்டால் நரம்பின் உறையில் வரும் ஷ்வானோமாவை என்னவென்று சொல்வது?

'நரம்பு நாளமில்லாச் சுரப்பிக் கட்டி' என்பது இன்னொன்று. பாடநூல் பழக்கத்தில் வந்த சொல். தைராய்டுக்குப் பொருந்தும், இங்கே பொருந்தாது. குடலில் இந்தச் செல்கள் சுரப்பியாகத் திரண்டிருப்பதில்லை. அப்புறம், ரத்த நாளம் என்று தினமும் பேசுகிறவருக்கு 'நாளமில்லா' என்றால் என்ன தோன்றும்? அந்த ஹார்மோன் போவதே ரத்த நாளத்தில்தான்.

இவற்றையெல்லாம் விட ஆபத்தானது, இந்தக் கட்டியின் பழைய பெயரான கார்சினாய்டுக்குச் சிலர் எழுதும் 'புற்றுப்போலி'. 1907-இல் ஜெர்மானிய நோயியலாளர் ஓபர்ன்டோர்ஃபர், இது புற்றுநோய் போலத் தோன்றினாலும் சாதுவானது என்று கருதி அந்தப் பெயரை வைத்தார். 1929-இல் இது பரவவும் கூடும் என்று அவரே திருத்திக்கொண்டார். நாம் இன்னும் போலி என்று எழுதினால், 'போலிதானே' என்று நோயாளி அடுத்த ஸ்கேனுக்கே வரமாட்டார்.

என் பரிந்துரை: நரம்பொத்த அகச்சுரப்புக் கட்டி. நீளம்தான், ஆனால் பொய் சொல்லவில்லை. 'சுரப்பு' என்ற சொல் இருந்தால் பரிசோதனையும் புரியும். அத்தையிடம் 24 மணி நேரச் சிறுநீரைக் கேனில் சேர்க்கச் சொன்னார்கள். கட்டி சுரக்கும் செரோடோனின் என்ற ஹார்மோன் சிதைந்து சிறுநீரில் வருகிறதா என்று அளப்பதற்கு. அதற்கு முந்தைய மூன்று நாள் வாழைப்பழமும் அன்னாசியும் கூடாது, அவற்றிலும் செரோடோனின் இருக்கிறது. நரம்புக்கும் வாழைப்பழத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அத்தை கேட்டார். கட்டி ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது என்று சொன்னதும் வாழைப்பழத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.