கறிக்கோழிக்கு டானிக்: எது, எங்கே வேலை செய்கிறது?

இரத்தக்கழிச்சல் கண்ட கறிக்கோழிகளுக்கு ஆம்ப்ரோலியம் என்ற மருந்தைக் கொடுக்கும்போது, ‘சோர்ந்து கிடக்கிறதே, கூடவே ஒரு பி-காம்ப்ளெக்ஸும் போகட்டும்’ என்று தண்ணீரில் கலந்துவிடுபவர்கள் உண்டு. எண்ணம் நல்லதுதான். ஆனால் அந்த டானிக் மருந்தின் காலை வாரிவிடும்.

ஆம்ப்ரோலியத்தின் மூலக்கூறு வைட்டமின் பி1-ஐ, அதாவது தயமினை, அச்சில் ஒத்திருக்கும். இரத்தக்கழிச்சலை உண்டாக்கும் ஐமீரியா என்ற ஒட்டுண்ணி பெருகுவதற்குத் தயமின் வேண்டும். அது உள்ளே வரும் வழியில் இந்தப் போலி போய் உட்கார்ந்துகொள்ள, ஒட்டுண்ணி பட்டினி கிடக்கிறது. கோழியின் செல்களைவிட ஒட்டுண்ணி இதில் எளிதாக ஏமாறுவதால்தான் இது மருந்தாகப் பயன்படுகிறது. அந்த நேரம் பார்த்து அசலை அள்ளிக் கொட்டினால் போலிக்கு இடமில்லாமல் போய்விடும். பி வைட்டமினைச் சிகிச்சை முடிந்த பிறகு கொடுப்பதே சரி.

வைட்டமின் குறைந்தால் என்ன ஆகும் என்பதை உலகுக்குக் காட்டியதே கோழிதான். 1890-களில் ஜாவா தீவில் கிறிஸ்டியான் எய்க்மான் என்ற மருத்துவர், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் விளங்காமல் விழுவதையும், தவிட்டோடு கூடிய அரிசிக்கு மாற்றியதும் எழுந்து நடப்பதையும் கவனித்தார். 1929-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தவிட்டில் இருந்தது அதே தயமின்.

பிறந்தபோது சுமார் 40 கிராம் இருக்கும் குஞ்சு ஐந்தே வாரத்தில் 2 கிலோவைத் தொடுகிறது. இந்த வேகத்தில் எந்தக் குறையும் சீக்கிரமே வெளியே தெரிந்துவிடும். வைட்டமின் பி2 குறைந்தால் கால் விரல்கள் உள்ளே சுருளும். டி3 குறைந்தால் எலும்பு வளையும். வெயில் படாத கொட்டகைக் கோழிக்குத் தீவனத்தை விட்டால் டி3-க்கு வேறு வழியில்லை. வைட்டமின் ஈ குறைந்தால் குஞ்சு தள்ளாடும். ஆனால் குறை என்ற பள்ளம் நிரம்பிய பிறகும் வைட்டமினை ஊற்றுவதால் எடை கூடாது. டி3 அளவு மீறினால் சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படியும்.

வைட்டமின் சி கதை வேறு. கோழி அதைத் தன் சிறுநீரகத்திலேயே தயாரித்துக்கொள்கிறது, மற்ற நாட்களில் வெளியிலிருந்து தேவையில்லை. கடும் வெப்பத்தில்தான் சிக்கல். கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து மூச்சிரைத்தே சூட்டைத் தணிக்கும். அப்போது கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மேல் வெளியேறி, இரத்தம் காரத்தன்மை அடைகிறது. தீவனமும் இறங்காது. சொந்தத் தயாரிப்பு தேவைக்கு எட்டாமல் போவது இந்த நேரத்தில்தான். எலக்ட்ரோலைட் என்ற உப்புக் கலவையுடன் வைட்டமின் சி கொடுப்பதன் பலனும் அப்போதுதான் தெரியும்.

சரி, மூலிகை டானிக்குகளுக்கு வருவோம். பூண்டுச் சத்துக் குறைபாடு என்று ஒரு நோய் எந்தக் கோழிக்கும் வந்ததில்லை. மூலிகை எந்தக் குறையையும் நிரப்ப வருவதில்லை. அதன் வேலை பெரும்பாலும் குடலுக்குள். ஓமத்தில் உள்ள தைமால், பாக்டீரியாவின் மேலுறையைக் குலைத்து உள்ளே இருப்பதைக் கசியவிடுகிறது. மஞ்சளின் குர்குமின் இரத்தத்தில் சரியாகச் சேராது என்பதை எல்லோரும் குறையாகச் சொல்வார்கள். ஆனால் கிருமியோடு மோதல் நடக்கும் இடமே குடல் சுவர் என்றால், அங்கேயே தங்குவது அத்தனை மோசமில்லை என்பது என் கணிப்பு.

மிளகாய் இன்னும் வேடிக்கை. நமக்குக் காரத்தை உணர்த்தும் நரம்பு ஏற்பி பறவைகளிடமும் இருக்கிறது, ஆனால் மிளகாயின் காரப்பொருளான காப்சைசின் அதில் ஒட்டாது. காட்டு மிளகாயைப் பறவைகள் கொத்தித் தின்று விதை பரப்புவது இதனால்தான். சால்மொனெல்லா என்ற கிருமி குடலில் தங்குவதைத் தடுக்க முடியுமா என்று பார்க்க ஆய்வாளர்கள் காப்சைசினைத் தீவனத்தில் கலந்தபோதும் கோழிகள் முகம் சுளிக்கவில்லை.

பக்குவம் தவறினால் மூலிகை வெறும் தூள்தான். பூண்டை நசுக்கும்போது ஒரு நொதி வேலை செய்தால்தான் கிருமியை எதிர்க்கும் அல்லிசின் உருவாகும். முழுப் பூண்டை வேகவைத்துவிட்டால் நொதி செத்துவிடும். ஓமத்தின் எண்ணெய் திறந்த மூட்டையிலிருந்து காற்றோடு போய்விடும்.

வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் முழுமையாக நிறுத்தியது. அந்த இடத்தைப் பிடிக்கத்தான் இத்தனை மூலிகைப் பாக்கெட்டுகள். ஆனால் கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த குஞ்சுகளிடம் அந்த ஆன்டிபயாடிக்கே வளர்ச்சியைக் கூட்டவில்லை என்பதை மறக்கக்கூடாது. மூலிகைக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். சுத்தமான ஆய்வுக்கூடத்தில் ‘பலன் இல்லை’ என்பதும், ஈரக் கூளமும் நெரிசலும் உள்ள கொட்டகையில் ‘பலன் உண்டு’ என்பதும் ஒரே பாக்கெட்டைப் பற்றிய உண்மைகளாக இருக்கலாம். கூளத்தைக் காயவைப்பது அந்த ஈரக் கொட்டகைக்கு எந்தப் பாக்கெட்டைவிடவும் மலிவு.

வாங்கியதைச் சோதிக்க வேண்டுமானால், ஒரே தொகுப்புக் குஞ்சுகளை இரண்டு தடுப்பில் விட்டு, ஒன்றுக்கு மட்டும் கொடுத்துப் பாருங்கள். கோழியை மட்டும் எடை போட்டால் போதாது, தின்ற தீவனத்தையும் எடை போட வேண்டும்.