“சின்னச் சுளுக்குத்தான், சேர்”

கடந்த வாரம் மட்டக்களப்புக் கல்லடியில் நடந்த கூடைப்பந்தாட்டப் பயிற்சி ஆட்டமொன்றின் மூன்றாவது கால்பகுதியில், கூடையில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிக்க (ரீபவுண்டுக்காக) எழும்பிய 17 வயது மாணவி ஒருவர், இன்னொருவரின் பாதத்தின் மேல் இறங்கி விழுந்தார். பயிற்றுவிப்பாளரான நான் ஓடிச்சென்று அவருடைய சப்பாத்தைக் கழற்றினேன். உள்ளே இரண்டு சோடி காலுறைகள், அவற்றின் கீழே இறுகச் சுற்றிய பிளாஸ்டர். தோல் மஞ்சளும் பச்சையுமாக மாறியிருந்ததைப் பார்த்தவுடனேயே அந்தக் காயம் அன்றைக்குப் பட்டதன்று என்பது விளங்கிவிட்டது. “சின்னச் சுளுக்குத்தான், சேர். சொன்னா இருத்திப்போடுவீங்க எண்டுதான் சொல்லல்ல” என்றார். இந்தப் பருவத்தில் இப்படி மறைக்கப்பட்ட மூன்றாவது கணுக்கால் இது. பொறுமை இழந்துதான் இதை எழுதுகிறேன்.

கூடைப்பந்தாட்டம் மட்டக்களப்புக்குப் புதியதன்று. 1990 ஆகஸ்ட் 15 இல் காணாமற்போன யூஜின் ஹேபர்ட் அடிகளார் புனித மிக்கேல் கல்லூரியில் பயிற்றுவித்த நாட்களை இன்றும் பெரியவர்கள் நெகிழ்ந்து பேசுவார்கள். ஆனால் பழைய ஆட்டங்களைப் பற்றிய பேச்சில், வீங்கிய காலோடு ஆடி முடித்தவரின் கதைக்கே கூடுதலான பாராட்டுக் கிடைக்கிறது. அதைக் கேட்டு வளரும் பிள்ளைகள், வலியை மறைப்பதுதான் அணிப்பற்று என்று நம்பிவிடுகிறார்கள்.

இந்த நம்பிக்கை எவ்வளவு தவறானது என்பதை ஆட்டத்துக்குள் வைத்தே விளக்குகிறேன். வலது கணுக்கால் நொந்த ஒருவரால் பக்கவாட்டில் விரைவாக நகர முடியாது. எதிரணியில் பந்தைக் கொண்டு வருபவர் இரண்டு தடவை முயன்று பார்த்துவிட்டு, மூன்றாம் தடவை அதே பக்கத்தால் ஊடுருவுவார். அவரைத் தடுக்க, மூலையில் நிற்கும் சக ஆட்டக்காரர் தம் ஆளை விட்டுவிட்டு உள்ளே வர வேண்டும். அந்த மூலையை மூட இன்னொருவர் ஓட வேண்டும். அவர் விட்டுவந்த இடத்தில் ஒருவர் தனியாக நின்று மூன்று புள்ளிக்கு எறிவார். ஒருவர் மறைத்த வலிக்காக மற்ற நால்வரும் ஓடிக் களைக்கிறார்கள், எதற்காக ஓடுகிறோம் என்று தெரியாமலே. முன்கூட்டித் தெரிந்திருந்தால் நான் தடுப்பாட்ட முறையை மாற்றியிருப்பேன், அல்லது அவரை அமர்த்தியிருப்பேன். பட்டியலில் 12 பேர் இருப்பதும், எத்தனை தடவையும் ஆளை மாற்றலாம் என்று விதி இடம் கொடுப்பதும் அதற்காகத்தானே?

என்னிடம் இதற்கு மறுமொழியாக அமெரிக்கக் கூடைப்பந்தாட்ட வீரர் வில்லிஸ் ரீட்டின் பெயரைச் சொல்பவர்கள் உண்டு. 1970 மே 8 இல், தொடைக் காயத்துக்கு ஊசி போட்டுக்கொண்டு, நியூயோர்க் நிக்ஸ் அணிக்காக இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் இறங்கி முதல் இரண்டு கூடைகளையும் போட்டவர் அவர். அன்று அவர் எடுத்தவை அந்த 4 புள்ளிகள் மட்டுமே. அதே அணியின் வோல்ட் ஃபிரேசியர் 36 புள்ளிகளை எடுத்து, 19 கூடைகளுக்குப் பந்தைக் கொடுத்தும் உதவினார். இதைவிட முக்கியமாக, ரீட்டின் காயம் பயிற்றுவிப்பாளர் முதல் சக ஆட்டக்காரர் வரை எல்லோருக்கும் தெரியும். ஆறாவது ஆட்டத்தில் அவர் ஆடவே இல்லை. அறிந்த அணி அதற்கேற்ப ஆடியது. 1978 இல் பாதத்தில் ஊசியேற்றிக்கொண்டு ஆடிய இன்னோர் அமெரிக்க வீரரான பில் வோல்ட்டனுக்கோ பின்னர் என்பு முறிவு கண்டறியப்பட்டு, அடுத்த பருவம் முழுவதும் இல்லாமற் போயிற்று.

கொழும்பில் ஒரு நிறுவன அணிக்காகச் சம்பளத்துக்கு ஆடிய காலத்தில் நானும் ஓர் அரையிறுதியில் என் சுளுக்கை மறைத்தேன். அந்த ஆட்டத்தில் தோற்றோம். கடற்கரை மணலில் நடக்கும்போது என் இடது கணுக்கால் இன்றும் திடீரென மடங்குகிறது.

கணுக்கால் மடங்கி விழுந்தவுடன் ஆட்டத்தை நிறுத்துங்கள். நாலு அடி நடக்க முடியாவிட்டாலோ, கணுக்காலின் இருபுறமும் புடைத்திருக்கும் என்பின் பின்விளிம்பையோ நுனியையோ அழுத்தும்போது வலித்தாலோ, அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போய் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். எண்ணெய் போட்டு உருவுவதும், இழுத்துச் சொடக்கெடுப்பதும் முதல் நாட்களில் அறவே கூடாது. நாட்டு வைத்தியரான பரிகாரியார் மீது எனக்கு மரியாதை உண்டு, ஆனால் முறிவு உண்டா இல்லையா என்று அறியாமல் எவரும் கை வைக்க வேண்டாம். பெற்றோரே, வலிமாத்திரை கொடுத்துப் பிள்ளையை ஆட்டத்துக்கு அனுப்பாதீர்கள், தயவுசெய்து. வீக்கம் வடிந்துவிட்டது என்பதற்காகக் கால் ஆறிவிட்டது என்று எண்ணவும் வேண்டாம். ஒற்றைக் காலில் தடுமாறாமல் நிற்கவும், வலியின்றித் துள்ளவும், ஓட்டத்தின் நடுவே திசை திரும்பவும் முடிந்த பிறகே களமிறங்கலாம். சமநிலைப் பயிற்சியை அதற்குப் பின்னும் வாரக்கணக்கில் தொடர வேண்டும். ஒருமுறை சுளுக்கிய கால் மறுபடி சுளுக்குவது மிக எளிது. அத்தகையவர்களுக்குக் கணுக்கால் உறை நல்ல துணை.

சக பயிற்றுவிப்பாளர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். “இருத்திப்போடுவீங்க” என்ற அச்சத்தை அந்தப் பிள்ளைக்கு ஊட்டியவர்களில் நானும் ஒருவன். வரிசையில் நிறுத்தி “யாருக்கும் நோவு இருக்கா?” என்று கேட்டால் எவரும் கை தூக்கமாட்டார்கள். ஆட்டத்துக்கு முதல்நாள் ஒவ்வொருவரையும் தனியே அழைத்துக் கேளுங்கள். உண்மையைச் சொன்னவரிடம், அவர் எந்த வாரம் பயிற்சிக்குத் திரும்பலாம் என்பதை அப்போதே கூறி, அதுவரை அவருடைய இடம் அவருக்கே என்று உறுதி கொடுங்கள். அந்த வாரம் வந்ததும் அவரை மறவாமல் அழையுங்கள்.