கோடைகால ஆராய்ச்சிப் பயிற்சி: கொழும்பில் படிக்கும் மருத்துவ, தாதிய மாணவர் எதற்கு விண்ணப்பிக்கலாம்?

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பல்கலைக்கழகங்களுக்கு நீண்ட விடுமுறை. அந்த எட்டு, பத்து வாரங்களில் இளமாணி மாணவரை ஓர் ஆராய்ச்சியாளரின் கீழ் அமர்த்தி, கொடுப்பனவும் வழங்கி, ஆராய்ச்சியைத் தம் கையால் செய்து பார்க்க விடுவதே கோடைகால ஆராய்ச்சித் திட்டம். ஆண்டு முடியும் தறுவாயில் இவற்றின் அறிவித்தல்கள் நம் மாணவர்களின் வட்ஸ்அப் குழுக்களில் சுற்றத் தொடங்கிவிடும். கொழும்பில் மருத்துவமும் தாதியமும் இயன்மருத்துவமும் படிக்கும் பிள்ளைகள் கண்விழித்து விண்ணப்பம் நிரப்புகிறார்கள். அவற்றுள் பல இவர்களுக்கு உரியவையே அல்ல. இதை யாரும் முதலில் எடுத்துச் சொல்வதில்லை என்பது எனக்கு மிகுந்த மனவருத்தம். ஆகவே தகுதி விதியிலிருந்தே தொடங்குகிறேன்.

அமெரிக்கத் தேசிய விஞ்ஞான மன்றம் 1987 முதல் நடத்திவரும் ‘ஆர்ஈயூ’ என்ற இளமாணி மாணவர் ஆராய்ச்சித் திட்டத்தின் கொடுப்பனவு அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர்களுக்கும் மட்டுமே. அந்நாட்டுத் தேசிய சுகாதார நிறுவனங்களின் கோடைகாலப் பயிற்சியிலும் இலங்கையில் படிக்கும் இலங்கையருக்கு இடமில்லை. ஜேர்மனியின் ‘ரைஸ்’ திட்டம் வட அமெரிக்கா, பிரித்தானியா, அயர்லாந்துப் பல்கலைக்கழகங்களில் பயில்வோருக்கானது. தமிழ்நாட்டு உறவினர்கள் ஆசையோடு அனுப்பிவைக்கும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் குறுங்கால மாணவர் உதவித்திட்டம் 1979 முதல் நடந்துவருகிறது. நல்ல திட்டம், ஆனால் இந்திய மாணவர்களுக்கு உரியது.

அறிவித்தல் கைக்கு வந்ததும் இரண்டு கேள்விகளுக்கு விடை தேடுங்கள். கடவுச்சீட்டைப் பார்க்கிறார்களா, படிக்கும் நாட்டைப் பார்க்கிறார்களா? இலண்டனில் படிக்கும் கொட்டாஞ்சேனைப் பிள்ளை ‘ரைஸ்’ திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம், கொழும்பில் படிக்கும் அவருடைய தம்பி விண்ணப்பிக்க முடியாது. இது தெளிவாகும்வரை கட்டுரை எழுத உட்காராதீர்கள்.

நமக்குத் திறந்திருக்கும் வழிகளும் உண்டு. மருத்துவ மாணவருக்கு முதலில் கைகொடுப்பது 1951இல் தொடங்கிய மருத்துவ மாணவர் சங்கங்களின் சர்வதேசச் சம்மேளனத்தின் ஆராய்ச்சிப் பரிமாற்றம். இலங்கையிலுள்ள உறுப்புச் சங்கத்தின் ஊடாக, உங்கள் பீடத்தின் பரிமாற்றப் பொறுப்பாளர் வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும். பெரும்பாலும் நான்கு வாரம். தங்குமிடத்தைப் பொதுவாக அங்குள்ளவர்கள் பார்த்துக்கொள்வார்கள், விமான டிக்கெட் உங்கள் செலவு. மருந்தியல் மாணவருக்கு அவர்களுடைய சர்வதேசச் சம்மேளனம் இதுபோன்ற பரிமாற்றம் நடத்துகிறது. எந்த நாட்டவரையும் ஏற்பவை என்று பார்த்தால் வியன்னா பயோசென்டரின் கோடைகாலப் பள்ளியும் ஜப்பானின் ஒகினாவா விஞ்ஞான தொழினுட்ப நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பயிற்சியும் குறிப்பிடத்தக்கவை. இரண்டும் கொடுப்பனவு தருகின்றன, ஆனால் இரண்டும் ஆய்வுகூட வேலை. கலங்களோடும் மரபணுக்களோடும் நாள் முழுவதும் இருக்க மனமுள்ளவர்களுக்கே பொருந்தும். நோயாளர்களோடு பேச விரும்பும் தாதிய, இயன்மருத்துவ மாணவருக்கு அங்கே அதிகம் கிடைக்காது.

வருகைப் பதிவையும் மறக்க வேண்டாம். அங்கே கோடை விடுமுறை வரும்போது இங்கே விரிவுரையும் வார்டுப் பயிற்சியும் நடந்துகொண்டிருக்கக்கூடும். பரீட்சைக்குத் தோற்றப் பொதுவாக 80 சதவீத வருகை வேண்டும். பீடாதிபதிக்குக் கடிதம் கொடுத்து, எழுத்தில் அனுமதி பெற்ற பிறகே டிக்கெட் எடுங்கள். அமெரிக்கப் பேராசிரியர் ஒருவர் தாமாகவே உங்களை அழைத்தால், பரிமாற்றத் திட்டங்களில் வருவோருக்கான ஜே-1 விசாவில் மாணவர் பயிற்சிக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. அதற்கான டீஎஸ்-2019 படிவத்தை அழைக்கும் நிறுவனமே தரவேண்டும், ஒரு நோய்க்கு அல்லது விபத்துக்குக் குறைந்தது 100,000 டொலர் காப்புறுதியும் வேண்டும். ‘ஆராய்ச்சிச் சான்றிதழ் தருகிறோம், பணம் கட்டுங்கள்’ என்று வரும் இணையவழி அழைப்புகளுக்கு ஒரு சதமும் கட்டாதீர்கள். உண்மையான கோடைகாலத் திட்டம் பெரும்பாலும் உங்களுக்குப் பணம் தரும்.

இனி, நான் அதிகம் வற்புறுத்த விரும்பும் வழி. 1870இல் தொடங்கிய கொழும்பு மருத்துவ பீடம், தேசிய வைத்தியசாலை, லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை, 1900இல் தொடங்கி இப்போது பொரளையில் இயங்கும் மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம் எல்லாம் ஒன்றுக்கொன்று பக்கத்திலேயே இருக்கின்றன. உங்கள் பீடத்தின் விடுமுறையை இங்கேயே ஆராய்ச்சிக் காலமாக்கிக்கொள்ளலாம். ஒரேயொரு தடை, காலம். மனிதர்களிடம் தரவு திரட்டும் எந்த ஆய்வுக்கும் நெறிமுறை மீளாய்வுக் குழுவின் அனுமதி முன்கூட்டியே வேண்டும், திரட்டி முடித்த பிறகு கேட்டால் கிடைக்காது. புதிதாக விண்ணப்பித்தால் அனுமதி வருவதற்குள் விடுமுறையே முடிந்துபோகலாம். ஆகவே ஏற்கெனவே அனுமதி பெற்று நடந்துகொண்டிருக்கும் ஆய்வு ஒன்றில் சேருங்கள். உங்கள் பெயரைச் சேர்ப்பதை மேற்பார்வையாளர் குழுவுக்கு அறிவித்துவிட்டாரா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள்.

இத்தகைய ஆய்வுகளில் தமிழ் பேசும் மாணவருக்கான தேவை மிகப் பெரிது. தகவல் தாளும் சம்மதப் படிவமும் மூன்று மொழிகளிலும் அச்சாகி இருக்கும், ஆனால் படுக்கையருகே நின்று விளக்க ஆள் இருக்காது. மலையகத்து மஸ்கெலியாவிலிருந்து அனுப்பப்பட்டு வந்த ஓர் அம்மா படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “இதில் கையெழுத்துப் போட்டால் என்னை ஒப்பரேஷனுக்குக் கொண்டுபோய்விடுவார்களா, பிள்ளை?” என்று கேட்பார். அவருக்கு உட்கார்ந்து பதில் சொல்லக்கூடியவர் இல்லாதபோது, கஷ்டம் வேண்டாமென்று அவரை விட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறார்கள். இப்படியே தமிழ் நோயாளர்கள் ஆய்வுகளிலிருந்து விடுபட்டுப்போகிறார்கள், அவர்களுடைய வலியும் உணவும் வேலையும் கணக்கில் சேராமலே முடிவுகள் எழுதப்படுகின்றன. இந்த இடைவெளியை இரண்டாம் ஆண்டு தாதிய மாணவி ஒருவராலும் நிரப்ப முடியும்.

அதே நேரம், உங்கள் உழைப்பு எப்படிக் கணக்கிடப்படும் என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள். மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழுவின் விதிப்படி மொழிபெயர்ப்பு மட்டும் செய்தவர் கட்டுரையின் ஆசிரியர் ஆவதில்லை, நன்றியுரையில் இடம்பெறுவார். தரவு திரட்டலிலோ பகுப்பாய்விலோ கணிசமான பங்கெடுத்து, கட்டுரையை எழுதவோ திருத்தவோ செய்து, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தந்து, அதற்குப் பொறுப்பும் ஏற்க வேண்டும். கேட்பது மரியாதைக் குறைவல்ல, “சேர், என் பங்கு எதுவரை என்று தெரிந்துகொள்ளலாமா?” என்று கேட்டால் போதும்.

ஆராய்ச்சியாளருக்கு அனுப்பும் முதல் மின்னஞ்சலில் “உங்கள் ஆய்வுகள் என்னைப் பெரிதும் கவர்ந்தன” என்ற வரியை வெட்டிவிடுங்கள். டெங்கு ஆய்வு செய்பவர் என்றால் இப்படித் தொடங்கலாம்: “டெங்கில் திரவக் கசிவு பற்றிய உங்கள் கட்டுரையில் வளர்ந்தவர்களை மட்டும் எடுத்திருந்தீர்கள். சிறுவர் வார்டுப் பயிற்சியில் எனக்கு எழுந்த கேள்வி ஒன்று உண்டு.” கேள்வியை இரண்டு வரியில் எழுதுங்கள். பிறகு எந்தத் திகதியிலிருந்து எத்தனை வாரம் வரமுடியும், தமிழும் சிங்களமும் எந்த அளவுக்குப் பேசுவீர்கள், தரவு உள்ளிடும் வேலையிலிருந்தே தொடங்கத் தயாரா என்பதையும் சேருங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். இரண்டு வாரம் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டலாம்.

வெளிநாட்டுத் திட்டங்களுக்கான விண்ணப்பங்கள் பெரும்பாலும் ஜனவரி, பெப்ரவரியில் முடிந்துவிடும். பெறுபேற்றுச் சான்றைப் பதிவாளர் அலுவலகத்தில் நவம்பரிலேயே கேளுங்கள், பரிந்துரைக் கடிதம் தரும் விரிவுரையாளருக்குக் குறைந்தது மூன்று வாரம் கொடுங்கள்.